முன்னாள் படைவீரர்களுக்காக நடக்கும் ஒரு சிறிய அறக்கட்டளையை நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களிடம் நன்கொடை கேட்டவர்கள் ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழு என்கிறீர்கள். இணையதளம் இரண்டு ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லை, அறக்கட்டளைகளை மதிப்பிடும் எந்தத் தரவரிசையிலும் பெயர் இல்லை, அதனால் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். தயங்குவது சரிதான். ஆனால் இந்தக் காரணங்களுக்காக நான் தயங்க மாட்டேன்.

என் அப்பா பீரங்கிப் படையில் 17 ஆண்டுகள் இருந்தவர். ஓய்வு பெற்ற சில காலத்திலேயே காது மந்தமாகிவிட்டது. அலுவலகங்களுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வந்து சேர்வதற்குள், அவருக்குக் காதுக் கருவி வாங்கிக் கொடுத்தது அவருடைய பழைய பிரிவைச் சேர்ந்த நான்கு பேர் நடத்திய ஒரு சிறு நிதி. அவர்களிடம் இருந்தது ஒரு நீள நோட்டும் ஒரு வங்கிக் கணக்கும்தான். அப்பாவின் கையில் அவர்கள் பணம் கொடுக்கவில்லை. கருவியை விற்றவருக்கு நேராகச் செலுத்திவிட்டு, ரசீதின் நகலில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பின்னாளில் அதே நிதியின் கணக்கை ஆண்டுதோறும் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது; ஆறு ஆண்டுகள் செய்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பளபளப்பு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘யு.எஸ். நேவி வெட்டரன்ஸ் அசோசியேஷன்’ என்ற அமைப்பு ஃபுளோரிடாவின் டாம்பா நகரிலிருந்து இயங்கியது. வரிவிலக்குப் பதிவு இருந்தது. 66,000 உறுப்பினர்கள், பல மாநிலங்களில் கிளைகள், நீண்ட நிர்வாகிகள் பட்டியல் என எல்லாம் காகிதத்தில் இருந்தன. தலைவர் பாபி தாம்சன் அமெரிக்க அதிபருடனேயே நின்று படம் எடுத்துக்கொண்டவர். 2010இல் ‘செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ்’ நாளிதழின் செய்தியாளர்கள் பட்டியலில் இருந்த நிர்வாகிகளை ஒவ்வொருவராகத் தேடினார்கள். தாம்சன் ஒருவரைத் தவிர யாரும் அகப்படவில்லை. அந்தப் பெயரும் இன்னொருவரிடமிருந்து திருடியது. 2012இல் பிடிபட்ட பிறகுதான், அவர் ஹார்வர்டில் சட்டம் படித்த ஜான் டொனால்ட் கோடி என்பது தெரிந்தது. 2013இல் ஓஹியோ நீதிமன்றம் அவருக்கு 28 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. நாடு முழுவதும் மக்கள் கொடுத்த பணம் கோடிக்கணக்கான டாலர்.

அந்தச் செய்தியாளர்கள் செய்ததை நீங்களும் செய்யலாம். பட்டியலில் இருக்கும் அறங்காவலர்களில் உங்களிடம் பணம் கேட்டவரை விட்டுவிட்டு வேறு இருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். கடந்த கூட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள் என்று கேளுங்கள். தம் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பதே தெரியாத ஒருவரை நான் ஒருமுறை சந்தித்திருக்கிறேன்.

பதிவுச் சான்றையும் பாருங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். சிறிய அமைப்புகளைப் பற்றிப் பொதுவெளியில் கிடைக்கும் தாள்கள் மிகக் குறைவு. அமெரிக்காவில் ஆண்டு வரவு பொதுவாக 50,000 டாலருக்கு மேல் போகாத அமைப்பு, வரித் துறைக்கு மின்-அஞ்சலட்டை போன்ற ஒரு சிறு படிவத்தை அனுப்பினால் போதும். அதில் செலவு விவரமே இருக்காது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டுக்குக் குறைவாக உள்ள பெரும்பாலான அறக்கட்டளைகள் அரசு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. தரவரிசையில் பெயர் இல்லாததற்கு இவ்வளவு எளிய காரணம்கூட இருக்கலாம்.

‘நூற்றில் இத்தனை பங்கு நேரடி உதவிக்கு’ என்று துண்டறிக்கையில் போடும் கணக்கையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நன்கொடை கேட்டுத் தொலைபேசியில் அழைக்கும் செலவில் ஒரு பகுதியை ‘பொதுமக்களுக்கு விழிப்புணர்வு’ என்ற தலைப்பில் எழுதிவிட்டால் அந்தப் பங்கு தானாக ஏறிவிடும். 2018இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்த ‘ஹெல்ப் தி வெட்ஸ்’ என்ற அமைப்பில், திரட்டிய பணத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு நிதி திரட்டவும் நிர்வாகத்துக்கும் நிறுவனரின் சம்பளத்துக்கும் போயிருந்தது. ஊனமுற்ற வீரர்கள், படைவீரர் குடும்பங்கள் என்று மனத்தைத் தொடும் பல பெயர்களில் அதே ஆட்கள் பணம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் பெயரை முழுதாக, எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். புகழ்பெற்ற அமைப்பின் பெயரோடு ஒட்டி நிற்கும் பெயராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

நான் எல்லாவற்றையும்விட நம்பும் கேள்வி ஒன்று இருக்கிறது. கடைசியாகச் செய்த ஓர் உதவியை முதலிலிருந்து முடிவுவரை சொல்லச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். அந்த மனிதரின் நிலைமை உங்களுக்கு யார் மூலம் தெரிந்தது? அவர் படையில் இருந்தவர்தான் என்பதை எந்தத் தாளைப் பார்த்து உறுதி செய்தீர்கள்? யார் வீட்டுக்குப் போனார்கள்? பணம் யாருக்குச் செலுத்தப்பட்டது? ஒரு மாதம் கழித்து அவர் எப்படி இருந்தார்? உண்மையாக வேலை செய்கிறவர் இதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். கழிப்பறைக்குக் கைப்பிடி பொருத்தப் போனதையும், சுவர் உளுத்திருந்ததால் மறுபடி போக வேண்டியிருந்ததையும் சொல்வார். யாருக்கு உதவ முடியாமல் போயிற்று என்பதையும் சொல்வார். போலியானவர் மொத்த எண்ணிக்கையிலேயே நிற்பார்: ஆயிரம் குடும்பங்கள், நூறு முகாம்கள். ஒரு குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சு தியாகத்துக்கும் நாட்டுப்பற்றுக்கும் தாவிவிடும்.

பெயர் சொல்ல மறுத்தால் வருந்தாதீர்கள், மகிழுங்கள். கால் இழந்த ஒருவரின் முகத்தை அப்படியே காட்டிப் பணம் கேட்கும் துண்டறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். அப்பாவுக்குக் கருவி வாங்கிக் கொடுத்தவர்கள் அதை எங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்ததாக, வெளியிலிருந்து ஒரு சாட்சியைத் தேடுங்கள். பிரிட்டனில் ஒரு படைப்பிரிவின் நல நிதியம் யாருக்காவது உதவுவதற்கு முன், படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவ 1885 முதல் இயங்கும் ‘சாஃபா’ போன்ற அமைப்பின் தொண்டர் வீட்டுக்குப் போய்த் தேவையை மதிப்பிட்டு அறிக்கை தருவது வழக்கம். தேவையை ஒருவர் பார்க்கிறார், பணத்தை இன்னொருவர் தருகிறார். எந்த நாட்டிலும் இதைப் போல யாராவது இருப்பார்கள்: படைவீரர் நல அலுவலர், பிரிவுச் சங்கத்தின் செயலர், மருத்துவமனைச் சமூகப் பணியாளர். ‘இந்தக் குழுவிடம் யாரையாவது அனுப்பியிருக்கிறீர்களா, மறுபடியும் அனுப்புவீர்களா’ என்று அவர்களிடம் கேட்டால் போதும். இரண்டாவது கேள்விக்கு வரும் தயக்கம் நிறையச் சொல்லும்.

மோசடியைவிட நான் அதிகம் பார்த்தது வேறொரு சிக்கல்: நேர்மையான மனிதர், குழம்பிய கணக்கு. மகனைப் போரில் இழந்த ஒருவர் துக்கத்தைத் தாங்க முடியாமல் அறக்கட்டளை தொடங்குகிறார். சொந்தப் பணத்தையும் போடுகிறார். எது தம் பணம், எது நன்கொடை என்பது ஓராண்டில் அவருக்கே தெரியாமல் போய்விடுகிறது. இவரைத் திருடர் என்று சொல்ல என் மனம் ஒருபோதும் ஒப்பாது. ஆனாலும் காசோலையில் இருவர் கையெழுத்து வேண்டும், அந்த இருவரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது, கணக்கு அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும் என்ற மூன்றும் இல்லாமல் நான் பணம் தர மாட்டேன். தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலோ, பரிசு அட்டை வாங்கித் தரச் சொன்னாலோ, இன்றே முடிவு சொல்ல வேண்டும் என்றாலோ பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

மனநல உதவி செய்வதாகச் சொல்லும் குழு என்றால் பணக் கணக்கு மட்டும் போதாது. போரின் நினைவுகளால் தூக்கம் இழந்தவர்களை ஒரு வாரம் மலைப்பக்கம் அழைத்துப்போய், மனத்தைத் திறந்து பேசவைத்து, பிறகு வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிற முகாம்கள் உண்டு. ஒரு ரூபாய்கூடத் திருடாமல் ஒரு மனிதரைச் சிதைத்துவிட இது போதும். அப்பாவின் நண்பர் ஒருவர் அப்படி ஒரு முகாமிலிருந்து திரும்பிய பிறகு பல வாரங்கள் அறையை விட்டு வெளியே வரவில்லை; நடத்தியவர்களிடமிருந்து ஓர் அழைப்புகூட வரவில்லை. முகாமில் தகுதி பெற்ற மருத்துவரோ உளவியலாளரோ இருப்பாரா, நள்ளிரவில் ஒருவர் தற்கொலை எண்ணத்தோடு அழைத்தால் யார் எடுப்பார்கள், முகாம் முடிந்த மறுநாள் என்ன நடக்கும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் தராதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், தர நினைத்த தொகையில் கால் பங்கை மட்டும் இப்போது அமைப்பின் கணக்கில் செலுத்துவேன். அது எந்த உதவிக்குப் போயிற்று என்பதற்கு, பயனடைந்தவரின் பெயரை மறைத்த ரசீது நகல் ஒன்று அனுப்பும்படி கேட்பேன். அது வந்த அன்றே மீதியை அனுப்பிவிடுவேன்.