டி.பி. நோயாளியை ஆராய்ச்சியில் சேர்க்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு டி.பி. என்று போன வாரம்தான் தெரிந்தது. கொத்து வேலைக்குப் போகிறவர், எழுதப் படிக்கத் தெரியாது. புது மருந்து ஆராய்ச்சி ஒன்றில் சேரச் சொல்லி ஏழெட்டுப் பக்கத் தாளைக் கொடுத்திருக்கிறார்கள். 'ஏழை என்றால் சோதனை எலியா?' என்று பெரியப்பா குதிக்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: பெரியப்பாவின் கோபத்தைத் தப்பு சொல்ல மாட்டேன். 2009-ல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடி மாணவிகளுக்குத் தடுப்பூசி ஆய்வு நடந்தபோது, பல ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதி வார்டன்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஆனால் இன்னொரு கதையும் இருக்கிறது. ஒரு காலத்தில் டி.பி. என்றால் சானடோரியத்தில் (டி.பி.க்கென்றே இருந்த தனி மருத்துவமனை) மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நம் ஊரிலோ அத்தனை கட்டில் கிடையாது. 1956-ல் சென்னையில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு சானடோரியத்திலும் மீதிப் பேருக்கு வீட்டிலேயும் ஒரே மாதிரியான மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான ஒண்டுக்குடித்தனம், சாப்பாடும் சுமார்தான், அப்படியும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள், கூட இருந்தவர்களுக்கும் நோய் அதிகமாகத் தொற்றவில்லை. உங்கள் அப்பா இன்று வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அந்த ஏழை நோயாளிகள்தான் காரணம். வசதியானவர்களை மட்டும் வைத்து நடத்தியிருந்தால் இது தெரிந்திருக்குமா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். தாள் தமிழில் இருக்க வேண்டும். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாததால், ஆராய்ச்சியில் சம்பந்தப்படாத ஒரு சாட்சி கூடவே இருந்து, எல்லாம் விளக்கப்பட்டதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் (பெரியப்பாவையே கூட்டிப் போங்கள், கேள்வி கேட்க அவரைவிட ஆள் கிடைக்காது). சி.டி.ஆர்.ஐ. (மருந்து ஆய்வுகளுக்கான இந்திய அரசுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் 2009-லிருந்து மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்வது கட்டாயம், அந்த எண்ணை வைத்து யார் பணம் போடுகிறார்கள், எங்கே நடக்கிறது என்று போனிலேயே பார்க்கலாம். ஆய்வால் உடம்புக்கு ஏதாவது ஆனால் வைத்தியம் இலவசம், நஷ்டஈடும் உண்டு என்று 2019 விதிகள் சொல்கின்றன. அது தாளில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்லாமலே விலகலாம், அதற்காக அவர்கள் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

அப்புறம், கூலி. ஒவ்வொரு முறை போகும்போதும் பஸ் காசும் அன்றைய கூலியும் போகுமே, அதைத் தருவார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கூலித் தொழிலாளிகள் ஆய்வுகளில் நிலைக்காமல் போவதற்கு பயத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

உடனே கையெழுத்துப் போடச் சொல்லி அவசரப்படுத்தினால் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஆனால் யோசிக்கிறோம் என்று சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். ஆராய்ச்சியில் சேராவிட்டாலும் அரசு மருத்துவமனையில் டி.பி. மாத்திரை இலவசம்தான், சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வரும். அப்பாவின் பாஸ்புக்கை மறக்காமல் எடுத்துப் போங்கள்.