தென்கடல், வடகடல், கையில் ஒரு கேமரா

ராமேஸ்வரம் பக்கத்தில் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள், பாக் விரிகுடாவை வடகடல் என்பார்கள். இரண்டிலும் தண்ணீருக்கடியில் படமெடுத்து வருகிறேன். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, எந்த மாதம் தண்ணீர் தெளிவாக இருக்கும்?

பதில்: காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள் தம்பி. ஆடியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும்போது தென்கடல் கலங்கிக் கிடக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கினால் தலைகீழ்.

கேள்வி: படமெல்லாம் நீலமாகவே வருகிறது. கேமரா கோளாறா சார்?

பதில்: தண்ணீரின் வேலை அது. சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். ஐந்து மீட்டர் ஆழத்துக்குள் பெரும்பகுதி போய்விடும். ஜூம் பண்ணாதீர்கள், கை எட்டும் தூரத்துக்கு நெருங்குங்கள். ஃப்ளாஷ் லென்சை ஒட்டி இருந்தால் மிதக்கும் தூசியெல்லாம் மாவு தூவியதுபோல் படத்தில் விழும். பக்கவாட்டில் தள்ளி வையுங்கள்.

கேள்வி: நீச்சல் தெரியாது, செல்போன்தான் இருக்கிறது.

பதில்: தாராளமாகப் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும். பாறைக் குட்டைகளுக்குப் போங்கள். ஒரு கறுப்புக் குடையும் வேண்டும். அதன் நிழலில் நீரின் பளபளப்பு அடங்கி, அடியில் இருப்பது தெரியும். கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள், அடியில் ஒட்டியிருப்பவை வெயிலில் செத்துவிடும். கூம்பு வடிவச் சங்கை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். உயிரோடிருந்தால் விஷ ஊசியால் குத்தும்.

கேள்வி: கடல் அட்டையைக் கையில் வைத்து எடுக்கலாமா?

பதில்: கூடாது. கடல் அட்டையையும் (கடல் வெள்ளரி) கடல் குதிரையையும் 2001இல் வனவிலங்குச் சட்டத்தில் கடுமையான பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதோடு, மிரண்டால் சில அட்டைகள் குடலையே வெளியே தள்ளிவிடும். அந்தப் படம் யாருக்கு வேண்டும்?

கேள்வி: குருசடைத் தீவில் பவளத்தின் மேல் கொத்தாக ஒரு பாசி பார்த்தேன்.

பதில்: கப்பாஃபைகஸாக இருக்கலாம். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த அயல் பாசி. 2008 வாக்கிலேயே அங்கே பவளத்தில் ஏறியது பதிவாகியிருக்கிறது. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது, அந்த நுண்பாசிக்கு வெளிச்சம் வேண்டும். இந்த அயல் பாசி மேலே போர்த்தினால் பவளம் பட்டினி. எட்ட நின்று ஒன்று, கிட்டத்தில் ஒன்று எடுத்து, தேதி, இடம், ஆழம் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கோணத்தில் மறுபடி எடுங்கள். அழகான நூறு படங்களைவிட ஆராய்ச்சிக்காரர்களுக்கு அந்த ஜோடிதான் உதவும்.

கேள்வி: ஆவுளியாவை, அதான் கடல் பசுவை, படமெடுத்திருக்கிறீர்களா?

பதில்: எனக்கே இன்னும் சிக்கவில்லை! வடகடலில் 2022இல் அதற்கென 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவித்தார்கள். அது மேய்ந்த இடத்தில் கடற்புல் நடுவே மண் தெரியும்படி நீளமாகக் கோடு போட்டிருக்கும். இப்போதைக்கு என்னிடம் அந்தக் கோட்டின் படம்தான் இருக்கிறது.