ஒற்றைத் தலைவலிக்கு உரிய சிகிச்சை கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

மாதத்தில் பாதி நாள்கள் தலைவலியோடு கழிவதாகவும், பார்க்கும் மருத்துவர் ஒவ்வொருவரும் வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவதாகவும், நரம்பியல் மருத்துவரிடம் எப்படிப் போய்ச் சேர்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். பதினோரு ஆண்டுகள் இதே வாசல்களில் காத்துக் கிடந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

எனக்கு முதல் தடையாக இருந்தது நோயின் பெயரே. ஒற்றைத் தலைவலி என்றால் ஒரு பக்கம் மட்டும்தான் வலிக்கும் என்று நானும் நினைத்தேன், என்னைப் பார்த்த முதல் மருத்துவரும் அப்படியே நினைத்தார் போலும். இரு பக்கமும் வலித்து, கன்னத்து எலும்பிலும் அழுத்தம் இருந்ததால், அதைச் சைனஸ் என்று முடிவு செய்து இரண்டு ஆண்டுகள் அதற்கே மருந்து கொடுத்தார். இன்னொருவர், இது பெண்களுக்கு வருவது என்று சொல்லிச் சிரித்தார். பெண்களிடையே இது ஆண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்பது உண்மைதான். மிச்சமுள்ள கால் பங்கில் நான் இருந்தேன்.

என் பங்குக்கு நானும் ஒரு தவறு செய்தேன். வலி வருவதற்கு முன்பு, படித்துக்கொண்டிருக்கும் வரியில் ஒரு சொல்லின் நடு எழுத்து மட்டும் காணாமல் போகும். அந்த இடத்தில் ரம்பப் பல் போன்ற ஒளிக்கோடு துடிக்கத் தொடங்கி, பிறையாக விரிந்து, இருபது நிமிடத்தில் பார்வையின் ஓரமாக நழுவி மறையும். அதைக் கண் கோளாறு என்று எண்ணி இருமுறை கண்ணாடி மாற்றினேனே தவிர, தலைவலிக்காகப் பார்த்த எவரிடமும் சொல்லவில்லை. அதற்கு 'ஆரா' என்று பெயர் உண்டென்பதும், நோயை அடையாளம் காண அது முக்கியமான துப்பு என்பதும் பின்னால் தெரிந்தவை.

நரம்பியல் மருத்துவரிடம் என்னைக் கொண்டு சேர்த்தது ஒரு நோட்டுப் புத்தகம். வலி தொடங்கிய மணி, முடிந்த மணி, வாந்தியோ வெளிச்சக் கூச்சமோ இருந்ததா, என்ன மாத்திரை எடுத்தேன் என்று மூன்று மாதங்கள் எழுதினேன். அதுவரை "அடிக்கடி தலை வலிக்கிறது" என்று சொல்லித் திரும்பி வந்த அதே அறையில், மருத்துவர் பேனா முனையால் வரிகளை எண்ணி, "பத்தொன்பது நாள்" என்றார். அன்றே பரிந்துரைக் கடிதம் கிடைத்தது. மாதத்தில் 15 நாள்களுக்குக் குறையாமல் தலைவலி, அவற்றில் 8 நாள்களாவது ஒற்றைத் தலைவலியின் இயல்போடு, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வகை. என் வேதனையைக் காட்டிலும் இந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம் என்பது கசப்பாகத்தான் இருந்தது.

அதே நோட்டு என்னையும் காட்டிக் கொடுத்தது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள்களும், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள சுமட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மருந்துகளை 10 நாள்களும் தொட்டால், மருந்தே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். நான் அந்த எல்லையைத் தாண்டியிருந்தேன். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்திய முதல் இரண்டு வாரங்களை நினைக்கவும் விருப்பமில்லை. வயிறும் வலியோடு சேர்ந்து மந்தமாகிவிடுவதால் விழுங்கிய மாத்திரை பயனின்றிக் கிடந்திருக்கிறது என்றும் அப்போதுதான் அறிந்தேன். மூக்கில் அடிக்கும் மருந்தை வலியின் தொடக்கத்திலேயே எடுத்தபோது வேறுபாடு தெரிந்தது. இதய நோய் உள்ளவர்களுக்கு டிரிப்டான் கூடாது என்பதால் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். இதுவரை காணாத கடுமையில் நொடிப்பொழுதில் வெடித்து வரும் தலைவலிக்கு நோட்டெல்லாம் வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வலி வராமல் தடுக்கத் தரும் மருந்துகளில் டோபிரமேட் எனக்குப் பேச்சின் நடுவே சொற்களை மறக்கடித்தது, அமிட்ரிப்டிலின் பகலெல்லாம் தூங்க வைத்தது. ஒற்றைத் தலைவலியைத் தூண்டும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தின் வேலையைத் தடுக்கும், 2018 முதல் பயன்பாட்டுக்கு வந்துள்ள ஊசியை மருத்துவர் எழுதியபோது, முதலில் பிராப்ரனலால் என்ற பழைய மருந்தை எடுத்துத் தோற்றதற்குச் சான்று வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்தது. எனக்கு ஆஸ்துமா உண்டு. அந்த மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியது. அது என் கோப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தும், மேல்முறையீட்டுக்கு ஐந்து மாதங்கள் ஆயின. மறுப்புக் கடிதம் வந்தால் அங்கேயே நின்றுவிடாமல், எந்த மருந்து, எத்தனை வாரம், ஏன் நிறுத்தப்பட்டது என்பதை மருத்துவரிடமிருந்து எழுத்தில் வாங்கி அனுப்புங்கள்.

தண்ணீர் குடித்தால் போதும், நேரத்துக்குத் தூங்கினால் போதும் என்று எழுத இங்கே சிலர் வருவார்கள். இரண்டையும் செய்துகொண்டேதான் பத்தொன்பது நாள் படுத்திருந்தேன். மருந்து நிறுவனத்தின் ஆள் என்று என்னைச் சொல்ல நினைப்பவர்களுக்கு: இந்த ஊசி எல்லோருக்கும் பலிப்பதில்லை, வலி நாள்கள் பாதியாகக் குறைந்தாலே வெற்றி என்று கணக்கிடுகிறார்கள், எனக்கும் மாதத்தில் ஆறு நாள் மிச்சம் இருக்கிறது.

அந்த ஆறைக் காட்டித்தான், குறைந்துவிட்டதே, இனி ஊசி எதற்கு என்று இந்த ஆண்டுப் புதுப்பிப்புப் படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். பதிலோடு அனுப்ப, வலியில்லாத நாள்களையும் இப்போது நோட்டில் எழுதி வருகிறேன்.