ஜப்பானில் பெரும்பாலோருக்கு மதம் இல்லை என்கிறார்கள். அப்படியானால் கோயில்களில் ஏன் அவ்வளவு கூட்டம்? எது பொய்?

இரண்டுமே உண்மைதான். சிக்கல் 'மதம்' என்ற சொல்லில் இருக்கிறது. நானும் இதே சந்தேகத்தோடுதான் நகோயாவில் போய் இறங்கினேன். நான்கு வருடம் அங்கே வேலை.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சேர்ந்த புதிதில் ஒருநாள் மதியம் சாப்பிடும்போது, "உங்களுக்கு என்ன மதம்?" என்று கேட்டுவிட்டேன். நம் ஊர்ப் பழக்கம், வாய் சும்மா இருக்காது. அவர் கொஞ்சம் நெளிந்துவிட்டு "முஷூக்யோ" என்றார். மதம் இல்லை என்று பொருள். சரி, நாத்திகர் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி முதல் வாரம் அவரே என்னை அட்சுதா கோயிலுக்கு அழைத்துப் போனார். தொட்டித் தண்ணீரில் கை கழுவி, வாய் கொப்பளித்து, உண்டியலில் காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கண்ணை மூடி நின்று, மறுபடி ஒருமுறை குனிந்தார். மகளுக்கு நுழைவுத் தேர்வு என்று ஒரு தாயத்து வாங்கினார். போன வருடத்துத் தாயத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதைக் குப்பையில் போடக் கூடாதாம், கோயிலிலேயே எரிப்பார்களாம். கார் வாங்கியபோதும் கோயிலில் கொண்டுபோய் நிறுத்திப் பூசாரியை வைத்துத் திருஷ்டி கழித்ததாகச் சொன்னார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்காததுதான் பாக்கி. வீட்டிலோ, இறந்துபோன அப்பாவுக்கு ஒரு புத்த மாடம். காலையில் வடித்த சோற்றில் முதல் கரண்டி அங்கேதான் போகும்.

"மதம் இல்லை என்றீர்களே?" என்றேன். "இது மதம் இல்லையே!" என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

அவர் சொன்ன முஷூக்யோவில் 'மு' என்றால் இல்லை, 'ஷூக்யோ' என்றால் மதம். ஷூக்யோவுக்கு இந்தப் பொருள் வந்து 150 வருடம்தான் ஆகிறது. 1858இல் அமெரிக்காவோடு போட்ட ஒப்பந்தத்தில், ஜப்பானில் வாழும் அமெரிக்கர்கள் தங்கள் மதத்தைப் பின்பற்றலாம் என்று ஒரு பிரிவு. அதை மொழிபெயர்க்க உட்கார்ந்தவர்களிடம் பொருத்தமான சொல் இல்லை. ஏதேதோ போட்டுப் பார்த்து, 1870களில்தான் ஷூக்யோ நிலைத்தது. பழைய பௌத்த நூல்களில் மூலையில் கிடந்த சொல். பிரிவு, போதனை என்ற இரண்டு எழுத்துகளின் சேர்க்கை. போதனை என்று வந்துவிட்டதைக் கவனியுங்கள். மதம் என்றால் ஒரு நிறுவனர், ஒரு நூல், மனதார ஏற்கும் கொள்கை, ஆளுக்கு ஒன்று என்பது அன்றைய புராட்டஸ்டன்ட் ஐரோப்பாவும் அமெரிக்காவும் கொண்டுவந்த அளவுகோல். அதை வைத்து அளந்தால் கைதட்டிக் கும்பிடுவதும் தாயத்தும் கணக்கிலேயே வராது.

நம் 'மதம்' மட்டும் என்ன? நன்னூல் 'எழுவகை மதம்' என்று சொல்வது உடன்படல், மறுத்தல் என்று நூலாசிரியன் எடுக்கும் நிலைப்பாடுகளை. சாமி கும்பிடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்கூடப் படிவத்தில் இன்று நாம் நிரப்பும் 'மதம்' வேறு ஏதோ.

ஆனால் எல்லாப் பழியையும் மேற்கத்தியர் தலையில் போட்டுவிட முடியாது. வந்த அளவுகோலை ஜப்பானிய அரசு சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டது. அதுவரை புத்தரும் ஊர்த் தெய்வமும் ஒரே வளாகத்தில் குடியிருந்தார்கள். 1868இல் இரண்டையும் பிரிக்க ஆணை வந்தது. காமகுரா நகரத்தில் ஹாச்சிமான் என்ற தெய்வத்தின் பெரிய கோயிலில் இருந்த புத்தக் கட்டடங்களை 1870இல் இடித்தே போட்டார்கள். பிறகு 1889 அரசியலமைப்பு வரம்புகளோடு மதச் சுதந்திரம் கொடுத்தது. ஊர்த் தெய்வங்களைக் கும்பிடும் ஷிந்தோ கோயில் வழிபாடு மதமே இல்லை, அது நாட்டுக் கடமை என்று அரசு சொன்னது. 1900இல் உள்துறையில் ஷிந்தோ கோயில்களுக்கு ஒரு பிரிவு, மதங்களுக்குத் தனியாக இன்னொரு பிரிவு! மதம் இல்லை என்று ஆகிவிட்டால் வணங்க மறுப்பதற்கு மதச் சுதந்திரத்தைக் காரணம் காட்ட முடியாது அல்லவா? 1932இல் சோபியா பல்கலைக்கழகத்தின் கத்தோலிக்க மாணவர்கள் சிலர் போரில் இறந்தவர்களுக்கான யாசுகுனி ஷிந்தோ கோயிலில் வணங்க மறுத்தது பெரிய விவகாரமானது. கடைசியில் 1936இல் வத்திக்கானே, அது குடிமை மரியாதைதான், செய்யலாம் என்று இறங்கி வந்தது.

போரில் தோற்ற பின் 1945 டிசம்பர் 15 அன்று அமெரிக்கர்கள் தலைகீழாக ஆணையிட்டார்கள்: ஷிந்தோவும் ஒரு மதம்தான், அரசிலிருந்து பிரித்து வை. குனிவதும் கைதட்டுவதும் அதேதான், பெயர்ப்பலகை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

எனக்குப் பிடித்த வழக்கு, நகோயாவிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் த்சு நகரத்தில் நடந்தது. 1965இல் நகராட்சி ஓர் உடற்பயிற்சிக் கூடம் கட்ட ஷிந்தோ பூசாரிகளை வைத்துப் பூமி பூஜை போட்டது. செலவு 7,663 யென். பொதுப் பணத்தில் மதச் சடங்கா என்று ஒரு நகரமன்ற உறுப்பினர் வழக்குப் போட்டார். 1971இல் நகோயா உயர் நீதிமன்றம் அது மதச் செயல்தான் என்றது. 1977இல் உச்ச நீதிமன்றம் 15 நீதிபதிகளில் பத்துப் பேரின் பெரும்பான்மையில் அதை மாற்றி, சமூக வழக்கம் என்று தீர்ப்புச் சொன்னது. நம் வீட்டுப் பாட்டிகள் பாஷையில் 'சாங்கியம்'. மற்ற ஐந்து நீதிபதிகளுக்கு அது மதமாகத்தான் தெரிந்தது. எனக்கும் முழுச் சம்மதமில்லை. பெரும்பான்மை செய்தால் சாங்கியம், சிறுபான்மை செய்தால் மதம் என்று நழுவ அதில் இடம் இருக்கிறது.

1995இல் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கும்பல் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயு விட்ட பிறகு ஷூக்யோ என்ற சொல்லுக்கே ஒரு வாடை வந்துவிட்டது. என் நண்பர் நெளிந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

எண்ணிக்கையில் இன்னொரு வேடிக்கை. மத அமைப்புகள் தரும் கணக்கை அரசு கூட்டி வெளியிடும். 2020 முடிவில் அது சுமார் 18 கோடி. மக்கள்தொகையோ 12.5 கோடி சொச்சம். அந்த வட்டாரத்தில் குடியிருந்தாலே ஷிந்தோ கோயில் ஆளை எண்ணிக்கொள்ளும், குடும்பக் கல்லறை இருந்தாலே புத்தக் கோயிலும் எண்ணிக்கொள்ளும். மதம் இல்லை என்று என்னிடம் சொன்ன மனிதர் அதில் இரண்டு பேராக இருக்கிறார்.

உங்களுக்கு ஜப்பானிய நண்பர் யாராவது இருந்தால் மதத்தைக் கேட்காதீர்கள். புத்தாண்டுக்கு எந்தக் கோயிலுக்குப் போவார், தாத்தாவின் சாம்பல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அரை மணி நேரமாவது பேசுவார்.