14 வயது மகளைப் பெண்களுக்கான ஐடிஎஃப் டெனிஸ் போட்டிகளுக்கு அனுப்பலாமா?

நுவரெலியாவிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: மகளுக்கு 14 வயது, ஜூனியர் போட்டிகளில் நன்றாக ஆடுகிறாள், சர்வதேச டெனிஸ் கூட்டமைப்பின் (ஐடிஎஃப்) தொழில்முறைப் போட்டிகளுக்கு இப்போதே அனுப்பலாமா, பரிசுப் பணத்தில் செலவு ஈடாகுமா?

அக்கா, வயது தடையில்லை. 14 நிறைந்தால் ஆடலாம், ஆனால் 18 வயது வரை வருடத்துக்கு இத்தனை போட்டிதான் என்று வரம்பு உண்டு. பரிசுப் பணத்தை நம்பி மட்டும் அனுப்பாதீர்கள்.

என் அப்பா துரைமார் கிளப்பில் மார்க்கராக இருந்தவர். அங்கே பந்தடித்துக் கொடுத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். நானும் இப்போது ஹட்டன் பக்கம் பிள்ளைகளுக்கு டெனிஸ் பழக்குகிறேன். அதனால் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஐடிஎஃப் பெண்கள் போட்டிகளில் ஆகக் கீழே உள்ள படி டபிள்யூ 15. மொத்தப் பரிசு 15,000 டொலர் என்றால் பெரிய தொகையாகத்தான் தெரியும். ஒற்றையர், இரட்டையர் என்று எல்லாருக்கும் பிரித்த பிறகு, ஒற்றையரில் கோப்பை வெல்பவருக்கே இரண்டாயிரத்துச் சொச்சம்தான் கிடைக்கும். பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றால் 200 டொலர்கூட வராது. விமான டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு, ஸ்ட்ரிங் மாற்றுவது எல்லாம் நம் கைக்காசு. அதற்கு மேலே டபிள்யூ 35, 50, 75, 100 என்று படிகள், அப்புறம் பெண்கள் டெனிஸ் சங்கமான டபிள்யூடிஏவின் 125 போட்டிகள்.

பணத்தை விடப் பெரிய சிக்கல் தரவரிசை. டபிள்யூடிஏ பட்டியலில் பெயர் வர வேண்டுமானால் மூன்று போட்டிகளிலாவது புள்ளி எடுக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தம் 10 புள்ளி சேர வேண்டும். டபிள்யூ 15 பிரதான சுற்றில் ஒரு ஆட்டம் வென்றால் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. அதுவும் 52 வாரத்தில் கழிந்துவிடும். துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அன்டாலியா போன்ற இடங்களில் வாரா வாரம் ஒரே ஊரில் போட்டி நடக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அங்கேயே தங்கி, முதல் வாரம் தோற்றாலும் மூன்றாவது வாரம் கை பழகி வென்றுவிடுகிறார்கள். நம் பிள்ளைக்கு வீசா எடுத்து, கடன் வாங்கி, ஒரு வாரம்தான் கிடைக்கிறது. முதல் நாளே தோற்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். மலையகப் பிள்ளைகளிடம் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. பக்கத்தில் இந்தியாவிலும் இந்தப் போட்டிகள் நடக்கின்றன. 2021இல் தகுதிச் சுற்றிலிருந்து வந்து அமெரிக்க ஓபனை வென்ற எம்மா ராடுகானு, 2019 டிசம்பரில் புனேயில் அப்போதிருந்த 25,000 டொலர் ஐடிஎஃப் போட்டியை வென்றவர். இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டே ஆடினார். பிறகு இந்தக் கீழ்ப்படிகளில் வரிசையாகக் கோப்பைகளை எடுத்து, 2025இல் சென்னை ஓபனையே வென்றார். உங்கள் மகளுக்கு நான் விரும்புவது இந்த இரண்டாவது பாதையைத்தான். ஆட்டம் கைகொடுக்காவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும். ஆகவே பள்ளிப் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, நம் ஊரின் உயரம். நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 1,219 மீட்டருக்கு மேலே ஆடுவதற்கென்றே ஐடிஎஃப் விதியில் தனிப் பந்து உண்டு, ஏனென்றால் காற்று மெல்லியதாக இருப்பதால் சாதாரணப் பந்து அங்கே வேகமாகப் பறக்கும். இங்கே கோட்டுக்குள் விழும்படி அடித்துப் பழகிய பிள்ளை கீழே போனால், பந்து வலைக்குப் பக்கத்திலேயே விழுகிறதே என்று திகைத்துப் போகும். வெக்கையும் சேர்ந்துகொள்ளும். போட்டிக்கு முன்னால் கொழும்பிலாவது சில நாள் ஆட விடுங்கள்.

இப்போதைக்கு ஜூனியர் போட்டிகளிலேயே தொடரட்டும். ஜூனியர் தரவரிசையில் மேலே இருப்பவர்களுக்கு டபிள்யூ 15 பிரதான சுற்றில் சில இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அப்படி நுழைந்தால் தகுதிச் சுற்றின் அலைச்சல் மிச்சம். போகும் இடமெல்லாம் இரட்டையரிலும் பெயர் கொடுங்கள். ஒற்றையரில் முதல் நாளே தோற்றாலும் இன்னொரு ஆட்டம் கிடைக்கும். கூட ஆடும் பிள்ளையோடு அறையையும் பகிர்ந்துகொண்டால் ஹோட்டல் செலவு பாதியாகும்.