கறிவேப்பிலையைப் புழு தின்கிறதா? அங்கிருந்தே தொடங்குங்கள்

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது. இயற்கையைக் காட்டி வளர்க்க ஆசை. ஆனால் தோட்டம் இல்லை, எனக்கும் பறவை, பூச்சிப் பெயர்கள் தெரியாது. பால்கனியில் நாலு தொட்டிதான். அதிலும் கறிவேப்பிலையைப் புழு மொட்டையடித்து வருகிறது. எப்படித் தொடங்குவது?

பதில்: மருந்து எதுவும் அடித்துவிடவில்லையே? நல்லது. உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தாயிற்று.

கறிவேப்பிலையில் முட்டையிடுபவை பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகள். மகளைக் கூப்பிட்டு, இளம் கொழுந்துகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கடுகைவிடச் சிறிய, வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்று ஒட்டியிருந்தால் அது முட்டை. இலைமேல் காக்கை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கிடப்பதைத் தட்டிவிடாதீர்கள். அதுதான் இளம் புழு. எச்சத்தை எந்தப் பறவையும் கொத்தாது என்பதால் இந்த வேடம். வளர்ந்ததும் தோலுரித்துப் பச்சைக்கு மாறிவிடும்.

பச்சைப் புழுவை ஒரு குச்சியால் மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கைப் போல ஒரு கவை சட்டென்று நீளும், கூடவே ஒரு நாற்றம். குழந்தை ஓடுவாள், உடனே திரும்பி வந்து இன்னொரு முறை தொடுவாள். ஒருமுறை போதும் என்று சொல்லிவையுங்கள். இந்தப் புழு கடிக்காது, அரிக்காது. ஆனால் முருங்கையில் அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சி வேறு சங்கதி, அதன் மயிர் பட்டால் தடித்துவிடும். உடம்பில் மயிர் இருந்தால் கை வைக்கக் கூடாது, இந்த விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கிட்டத்தட்ட இரண்டு வாரம் தின்றபின் ஒரு குச்சியில் மெல்லிய நூலை இடுப்புவார் போலச் சுற்றிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். சில கூடு பச்சை, சில பழுப்பு. ஏன் என்று மகள் கேட்டால், பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். ஒவ்வொன்றும் எங்கே ஒட்டியிருக்கிறது என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் பெயர் தெரியாதது ஒரு குறையே அல்ல. பெயரைச் சொன்னதும் 'தெரிந்துவிட்டது' என்று குழந்தைகள் நகர்ந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய நோட்டு ஒன்றில் தேதி போட்டுத் தினம் ஒரு படம் வரையட்டும், கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

பத்து நாள் போலக் கழித்துக் கூடு கறுத்து, உள்ளே இறக்கையின் நிறம் தெரிந்தால் மறுநாள் காலையில் சீக்கிரம் எழுப்புங்கள். வெளியே வந்ததும் கசங்கிய இறக்கையோடு தொங்கும், நிறமாக நீர் சொட்டும். அது ரத்தம் இல்லை. இறக்கை விரிந்து காயும்வரை யாரும் தொடக் கூடாது. சில கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் சின்னக் குளவி வரும். ஒட்டுண்ணிக் குளவி முன்பே உள்ளே இட்ட முட்டையிலிருந்து வளர்ந்தது அது. மறைக்காமல் சொல்லுங்கள், ஏழு வயதுக்குப் புரியும்.

செடியில் இலை தீர்ந்துவிட்டால் கடைக் கறிவேப்பிலையைப் போடாதீர்கள், அதில் மருந்து இருந்தால் புழுவைக் கொன்றுவிடும். மருந்தடிக்காத எலுமிச்சையோ நாரத்தையோ அக்கம்பக்கத்தில் இருந்தால் இரண்டு கொத்து கேட்டு வாங்குங்கள். கடையில் வாங்கியதை நன்றாக அலசி ரசத்தில் போட்டுக்கொள்ளலாம். மொட்டையான செடி எப்படியும் மறுபடி துளிர்க்கும்.