முகமூடிக்குள் ஒரு பாட்டு

கேள்வி: பெண் வேடமிட்டு ஆடும் கலைஞர்களுக்கான அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியான 'ரூபால்ஸ் டிராக் ரேஸ்' 9-ஆம் பருவத்தில் அழகிலும் நடையிலும் முன்னணியில் இருந்த வாலண்டினாவை, வெறும் வாயசைப்பில் தடுமாறினார் என்பதற்காக வெளியேற்றியது நியாயமா? (வாசகர் ஒருவர், திருச்சி)

பதில்: வாயசைப்பை 'வெறும்' என்று சொல்லும் உரிமை உலகில் வேறு யாருக்கு இருந்தாலும் தமிழ்த் திரைப்பட ரசிகருக்குக் கிடையாது. ஒருவர் பாட, இன்னொருவர் உதட்டை அசைக்க, அசைத்தவரின் கட்-அவுட்டுக்குப் பாலூற்றிய பரம்பரை நாம். நம் நாயகர்களுக்கு ஒரு வசதி இருந்தது. வரி மறந்துபோனால் ஒளிப்பதிவாளர் கேமராவை அருவிப் பக்கமோ, பின்னால் ஆடும் கூட்டத்தின் பக்கமோ திருப்பிக் காப்பாற்றிவிடுவார். வாலண்டினாவுக்கு அருவி கிடைக்கவில்லை, முகமூடிதான் கிடைத்தது.

2017 மே மாதம் ஒளிபரப்பான அந்த அத்தியாயத்தில், வெளியேறும் ஆபத்தில் இருந்த வாலண்டினாவும் நீனா போனீனா பிரவுனும் பாப் பாடகி அரியானா கிராண்டேயின் பாடல் ஒன்றுக்கு வாயசைத்துத் தங்கள் இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அன்றைய அணிவகுப்புக்காக அணிந்திருந்த முகமூடியைக் கழற்றாமலேயே வாலண்டினா ஆடத் தொடங்கினார். நிகழ்ச்சியை நடத்தும் நடுவர் ரூபால் பாடலை நிறுத்தச் சொல்லி, முகமூடியைக் கழற்றும்படி கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்று வாலண்டினா பணிவாக மறுத்தார். உதட்டைப் பார்ப்பதற்கென்றே வைக்கப்பட்ட சுற்றில் உதட்டைக் காட்ட மாட்டேன் என்றால் எப்படி? இறுதியில் முகமூடி கழன்றது, பாட்டு மீண்டும் தொடங்கியது, வரிகள் தெரியாது என்பது அரங்கத்துக்கே தெரிந்தது. மூன்றாண்டுகள் கழித்து இதே போட்டி நடந்திருந்தால், சுகாதாரத் துறையின் உத்தரவைக் காட்டி அவர் தப்பித்திருக்கலாம். ஆறடி இடைவெளி வேண்டும் என்று சொல்லி நீனாவை மேடையை விட்டே இறக்கியிருக்கலாம்.

வேடிக்கை இருக்கட்டும். இசைக்குழுவுக்கு ஊதியம் தர வழியில்லாத சிறிய மதுக்கூடங்களில், இசைத்தட்டைச் சுழலவிட்டு அதற்கு உயிர்கொடுத்து வளர்ந்த கலை இது. பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் தானும் மூச்சு வாங்குமளவுக்குப் பாடலை உள்வாங்கியவரைத்தான் அங்கே கலைஞர் என்று மதித்தார்கள். வாலண்டினாவின் ஒப்பனையையும் உடையையும் நானும் ரசித்தேன். ஆனால் வேடம் கட்டியவர் பாட்டைப் படிக்காமல் மேடையேறினால், அந்த வேடத்தைக் கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்கே போட்டுவிடலாம். ரூபால் செய்தது சரி என்பதோடு, பாடலை நிறுத்தி இரண்டாம் வாய்ப்புக் கொடுத்தது பெருந்தன்மை என்றும் சொல்வேன்.

உங்கள் கோபம் வேறு திசையில் பாய்ந்திருக்க வேண்டும். ரசிகர் வாக்கெடுப்பின் மீது எனக்குள்ள பழைய பகையை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். அந்தப் பருவத்தில் 'மிஸ் கன்ஜீனியாலிட்டி' பட்டத்துக்கு ரசிகர்கள் தேர்ந்தெடுத்தது இதே வாலண்டினாவைத்தான். சக போட்டியாளரிடம் இனிமையாகப் பழகியவருக்கு உரிய பட்டம் அது. கூட இருந்து பழகியவர்களைக் கேட்காமல், தொலைக்காட்சியில் பார்த்தவர்களைக் கேட்டார்கள். பழகியவர்களில் சிலர் மறு சந்திப்பு நிகழ்ச்சியில் முகத்துக்கு நேராகவே முணுமுணுத்தார்கள். கல்யாண வீட்டுச் சமையலுக்கு, பந்தியில் உட்காராதவர்களிடம் சான்றிதழ் வாங்கியது போன்ற கூத்து. பாட்டுப் போட்டியாகட்டும், நடனப் போட்டியாகட்டும், வாக்கைப் பொதுமக்களிடம் விட்ட நாளிலிருந்து திறமைக்கும் தீர்ப்புக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது என்பது என் தீராத புகார். அதற்குப் பதில் எழுதும் ரசிகர் மன்றத்தினர் அருள்கூர்ந்து ஒரே கடிதமாக எழுதவும்.

வாலண்டினாவுக்காக நீங்கள் இவ்வளவு வருந்தத் தேவையில்லை. 2018 டிசம்பரில், பழைய போட்டியாளர்கள் மீண்டும் மோதும் 'ஆல் ஸ்டார்ஸ்' போட்டியின் 4-ஆம் பருவத்துக்குத் திரும்பி வந்தவர், அதே அரியானா கிராண்டேயின் இன்னொரு பாடலுக்கு முகத்தை மறைக்காமல் வாயசைத்தார், அம்முறை தோற்கவில்லை.